வதனா திருத்திய ஸ்பீக்கர் பெட்டி

சுஜனின் பெரியப்பா ஒரு காலத்தில் நீர்கொழும்பு ஹோட்டல்களில் பைலாப் பாட்டுக் குழுவொன்றுக்குக் கிற்றார் வாசித்தவர். அவர் இறந்த பிறகு சுஜனுக்கு வந்து சேர்ந்தது இடுப்பளவு உயரமான ஒரு ஸ்பீக்கர் பெட்டி. எழுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்தது என்பார்கள். உள்ளே நாலு பெரிய ஸ்பீக்கர்கள். கண்டக்குழிக் கடற்கரையில் அவனுடைய மீன்வாடிக்குள், பழைய வலைகளுக்கு அடியில், அது பல வருடம் கிடந்தது. உப்புக்காற்றில் மூலைத் தகடுகள் துருவேறிவிட்டன. மேலே போர்த்தியிருந்த கறுப்பு றெக்சின் கருவாட்டுத் தோல்போல உரிந்து தொங்கியது.

சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு சுஜன் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து மனைவிக்கு முன்னால் வைத்தான்.

"வதனா, இதைத் திருத்தேலுமோ? இந்த முறை கோயில் திருநாளுக்கு வாசிப்பம் எண்டு யோசிக்கிறன்."

வதனா கலியாணத்துக்கு முன்னர் கட்டுநாயக்கத் தொழிற்சாலையொன்றில் சேர்க்கிட் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தவள். அக்கம்பக்கத்து றேடியோவும் ஃபேனும் பழுதானால் அவளிடம்தான் வரும். ஆனாலும் அவளை அசைத்தது வேலை அல்ல, 'வாசிப்பம்' என்ற அந்தச் சொல். மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த வருடத்தில் சுஜன் கிற்றாரை அலுமாரிக்கு மேல் போட்டான். பிறகு அதைத் தொடவில்லை. வீட்டில் அவனுடைய கதையும் குறைந்துபோனது. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே அவள் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள். கம்பிகள் பச்சை பூத்திருந்தன. தொட்டதும் ஒன்று கையோடு வந்தது. முன்பு யாரோ அவசரக்காரன் நாலு ஸ்பீக்கரையும் ஒரே சோடிக் கம்பியில் சமாந்தரமாகக் கொழுவிவிட்டிருந்தான். அப்படியே வாசித்தால் அம்ப்ளிபயர் சூடேறிக் கருகும். அவள் பழைய கம்பி முழுவதையும் வெட்டி எறிந்தாள். தடித்த புதுக் கம்பி வாங்கி, இரண்டிரண்டு ஸ்பீக்கராகத் தொடுத்து, பிறகு அந்த இரண்டு சோடிகளையும் இணைத்தாள். ஒரு ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு கிழிந்திருந்தது. மெல்லிய கடதாசியும் பசையும் வைத்து, நுனிவிரலால் தடவித் தடவி ஒட்டினாள்.

சுஜன் கடலால் வந்து குளித்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவான். திருகாணிகளை மண்ணெண்ணெயில் கழுவித் தருவான். பெரியப்பா மேடையில் சறுக்கி விழுந்தும் வாசிப்பை நிறுத்தாத கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

"முன்னுக்குப் போடுற துணி சாம்பல் நிறத்தில இருந்தா நல்லம்" என்றான் ஒருநாள்.

"கறுப்புத்தானே முந்தி இருந்தது?"

"இல்லை, சாம்பல்தான் வடிவு."

அவனுக்கு ஏதோவொன்றில் ஆசை வந்திருக்கிறதே என்று வதனாவுக்குச் சந்தோசம். புத்தளம் கடைகளில் அலைந்து சாம்பல் துணி தேடி வந்தாள்.

கடைசியாக, ரோர்ச் பற்றரியொன்றின் இரு முனைகளிலும் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று கூம்புகள் முன்னுக்குத் தள்ளின. ஒன்று மட்டும் உள்ளே இழுத்தது. "இது மற்ற மூண்டுக்கும் எதிர்ப்பக்கம் போற சாமான்" என்று சொல்லி, அதன் கம்பிகளை மாற்றிக் கொழுவினாள். திரும்பத் தொட்டபோது நாலும் ஒன்றாக மூச்செடுத்தன. சுஜன் அவளுடைய தலையில் கை வைத்தான்.

மறுநாள் காலை அவன் ஒரு லொறியில் பெட்டியை ஏற்றினான்.

"சிலாபத்தில கிளைட்டனிட்ட பெரிய அம்ப் ஒண்டு இருக்கு. போட்டுப் பாத்திட்டு வாறன்."

"நானும் வரட்டோ?"

"நீ எதுக்கு இந்த வெயிலுக்குள்ள? பின்னேரம் வந்திடுவன்."

அவன் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. விபத்தோ என்று பதறி, விடிந்ததும் வதனா எத்தாளைக்கு, சுஜனின் அக்கா மக்தலேனாவிடம் ஓடினாள். மக்தலேனா வாசலிலேயே அழத் தொடங்கினாள். அந்த அழுகையில் பதற்றம் இல்லை என்பது வதனாவுக்கு உடனே விளங்கியது.

"மச்சாள், உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

"களவாப் போற படகொண்டில ஏறிட்டான்டி. பிரான்ஸ்காரரிட்ட இருக்கிற ரீயூனியன் தீவுக்கு. போய்ச் சேர்ந்து உன்னைக் கூப்பிடுவன் எண்டவன்."

"எப்ப உங்களுக்குச் சொன்னவர்?"

"தவக்காலத்தில. உனக்குச் சொன்னா நீ விடமாட்டாய் எண்டு என்னைச் சத்தியம் பண்ண வச்சவன்."

வதனா அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே சிலாபத்துக்குப் பஸ் ஏறினாள்.

கிளைட்டன் கலியாண வீடுகளுக்கு வாசிக்கும் ஐம்பது வயதுக்காரர். அவருடைய முன்னறையில் அந்தப் பெட்டி சாம்பல் துணியோடு நின்றது. அவளை யாரென்று அறிந்ததும் அவர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தங்கச்சி, தங்கமான வேலை! சுஜன் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கிறீங்க."

"இதை எப்ப வாங்கினீங்க?"

"பேச்சு முடிஞ்சது புதுவருசத்துக்கு முன்னமே. நான் வாடிக்கு வந்து பாத்தேனே. மனுசி திருத்தித் தருவா, அவவுக்கும் சம்மதம் எண்டார். துணி சாம்பலில வேணும் எண்டு நான்தான் கேட்டேன்." அவளுடைய முகத்தைப் பார்த்து அவர் நிறுத்தினார். "அய்யோ, உங்களுக்குத் தெரியாதா?"

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். விற்றதைவிட அந்தத் துணிதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. முதல் திருகாணியைக் கழற்றும்போதே இது இன்னொருவரின் பெட்டி. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, சிரிக்க வைத்தது, தலையில் கை வைத்தது, எல்லாம் வேலை முடியட்டும் என்றுதானா? எது உண்மை, எது சும்மா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வழி தெரியவில்லை.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

கிளைட்டன் வாசித்தார். நெஞ்சுக்குள் அதிர்ந்து, இரைச்சலே இல்லாமல், சத்தம் சுத்தமாக வந்தது. வதனா அங்கேதான் அழுதாள்.

படகு தூரம் போகவில்லை. நடுக்கடலில் இயந்திரம் நின்று, கடற்படை எல்லோரையும் கரைக்குக் கொண்டுவந்தது. சில கிழமைகளில் சுஜன் பிணையில் வெளியே வந்து, வெயிலில் கறுத்து மெலிந்து, வாசலில் நின்றான்.

"உனக்காகவும்தான் போனனான், வதனா."

"கேட்டிருந்தா படகுக் காசுக்கு அந்தப் பெட்டியை நானே வித்துத் தந்திருப்பன்" என்றாள் அவள். "அழுதிருப்பன், சண்டை பிடிச்சிருப்பன். ஆனா கடைசியில தந்திருப்பன். என்னைப் பக்கத்தில இருந்து ஏய்ச்சுப்போட்டீங்க."

"பக்கத்தில இருந்தது பொய்யில்லை."

"அதை நான் எப்பிடி அறியிறது?"

அவன் எத்தாளைக்குப் போய் அக்கா வீட்டில் தங்கினான்.

வதனா நுரைச்சோலைச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன அறை எடுத்து, ஸ்பீக்கரும் அம்ப்ளிபயரும் திருத்தத் தொடங்கினாள். சுஜன் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கொண்டு வருவான். அவள் வாங்கிக்கொள்வாள், கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வாள், தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். ஊர்க் கதை கதைப்பார்கள்.

ஒருநாள் அவன் வாசலடியில் நின்று, "மழை வரப்போகுது, அந்த உடுப்புகளை எடு" என்றான்.

வதனா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். முதலில் வானம் கறுத்திருக்கிறதா என்று தானே பார்த்தாள். பிறகுதான் கொடியில் கை வைத்தாள்.