எதிர்வீட்டு எமெரிட்டஸ்

மகள் இரமின் கல்யாணக் கார்டுக்கு எழுதிக் கொண்டுவந்த தாளை அச்சகத்து மேசைமேல் விரித்து, அதில் ஒரு வார்த்தையை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள் மெஹர் பானு. தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் அச்சகம் நடத்தும் தீனா தாளைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தான்.

"இன்னாக்கா இது, எமெரிட்டஸ்? ஸ்பெல்லிங் கரெக்டா கீதா?"

"எதிர் வீட்டு கேட்டப் பாத்து எழுதினது. கல்லுல வெட்டினவன் தப்பா வெட்டுவானா?"

"அர்த்தம் இன்னா?"

"ரிட்டயர்டுன்னு அர்த்தம். கொஞ்சம் மரியாதையா சொல்றது."

"அப்ப எங்க நைனாவுக்கும் போட்ரலாம். ஈ.பி.ல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவருதான்."

மெஹர் பானு சிரிக்கவில்லை.

அவள் கணவர் சௌகத் அலியும் எதிர்வீட்டு தட்சிணாமூர்த்தியும் ஒரே கல்லூரியில், ஒரே வருஷம், ஒரே தாவரவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் எதிரெதிர் மனையாகப் பார்த்து வாங்கினார்கள். ஒரே லாரியில் வந்த மணலைப் பாதிப் பாதியாகக் கொட்டி வீடு கட்டினார்கள். ஓய்வு பெற்றதும் ஒரே மே மாதத்தில்தான். ஒரே நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதுவரை தராசு நேராகத்தான் நின்றது. போன ஜூனில் எதிர்வீட்டுத் தூணில் கருங்கல் பலகை ஏறியது. பொன் எழுத்தில் தட்சிணாமூர்த்தி பெயர், அதன் கீழே அந்த வார்த்தை. முன்பெல்லாம் இரண்டையும் 'வாத்தியார் வூடு' என்று சொன்ன பூக்காரி, இப்போது அதைப் 'புரொபசர் வூடு' என்றும் இதை 'பாய் வூடு' என்றும் பிரித்துவிட்டாள். காலையில் வெயில் பட்டால் அந்த எழுத்துகள் இவள் கூடத்துக்குள்ளேயே மின்னின. திரை தைத்துப் போட்டாள். திரைக்குப் பின்னாலும் அவை மின்னிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கீரை வாங்கும்போது தட்சிணாமூர்த்தியின் மனைவி அபிதகுஜாம்பாள், "இவருக்கு காலேஜ்ல இன்னும் ரூம் குடுத்திருக்காங்க மெஹர், சாவி கூட கைலதான் இருக்கு" என்று சொன்ன அன்று, மெஹர் பானு வாங்கிய கீரையை ஆயாமலே குப்பையில் போட்டாள்.

தன் மனுஷர் கூச்சக்காரர், தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அதனால்தான் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் நம்பினாள். அவர் போடாவிட்டால் என்ன, நாம் போடுவோம் என்று அவரிடம் சொல்லாமலே அச்சுக்குக் கொடுத்தாள்.

கார்டுகள் வந்த மூன்றாம் நாள்தான் சௌகத் அலி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். அதற்குள் மகன் ஷாகுல் ஊரப்பாக்கத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் போய்ப் பாதிச் சொந்தத்துக்குக் கொடுத்து முடித்திருந்தான். நிக்காவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"மெஹரு, இது நாமளா போட்டுக்கற பேரு இல்ல. லத்தீன் வார்த்தை. ரிட்டயர் ஆனவங்கள்ல யாரோ ஒருத்தருக்கு, வேலை முடிஞ்சாலும் பதவிப் பேரு கூடவே இருக்கட்டும்னு காலேஜ் பாத்துக் குடுக்கறது."

"உங்களுக்கு ஏன் குடுக்கல?"

"டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர்தான்னாங்க. கூட வேலை பாத்தவர் ஒருத்தர் சிபாரிசு லெட்டர் எழுதணும். தட்சிணா வந்து என்னைக் கேட்டான்."

"நீங்க?"

"எழுதிக் குடுத்தேன். ரெண்டு பக்கம்."

"அவரு உங்களுக்கு எழுதக் கூடாதா?"

"நான் கேக்கறதுக்குள்ள அவன் கேட்டுட்டான்."

அவர் ஒரு வருஷமாகக் காலை நடைக்கு முன்வாசலை விட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போவது தெருநாய்களுக்குப் பயந்து என்றுதான் மெஹர் பானு இதுவரை நினைத்திருந்தாள்.

"சொந்தக்காரங்களுக்கு இது இன்னான்னு தெரியாது, போகட்டும்" என்றார் அவர். "எதிர் வீட்டுக்கு மட்டும் கார்டு வேணாம். வாயால சொல்லிட்டு வந்துடு."

"தட்டும் கார்டும் இல்லாம வாசல்ல நின்னு சொல்லிட்டு வர, நான் இன்னா கரண்ட் ரீடிங் எடுக்கவா போறேன்?"

"அப்ப அந்த எழுத்த மையால அடிச்சிடு."

"பொண்ணு கல்யாணக் கார்டுல கறுப்பு மையா? வாய்ல வருது பாருங்க."

"நான் வரல" என்று அவர் வாளித் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

பழம், வெற்றிலை, கார்டு வைத்த தட்டோடு அவள் தெருவைத் தாண்டினாள். உள்ளே ஒரு முரட்டுத்தனம் ஏறியிருந்தது. பார்க்கட்டும், அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். உங்களுக்கு அந்த இரண்டு பக்கத்தை எழுதினது எந்தக் கை என்று திருப்பிக் கேட்டுவிடலாம். அந்தக் கேள்வியை நாக்கின் கீழே மாத்திரை போல அடக்கிக்கொண்டே படியேறினாள்.

"சௌகத் வரலியாம்மா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"மாடில துணி காயப் போட்டுட்டு இருக்காரு."

"பொண்ணு கல்யாணத்துல துணி காயப் போடறாரா? நல்ல அப்பா" என்று அபிதகுஜாம்பாள் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினாள். "படிங்க, கேப்போம்."

மைக் இல்லாமல் நூறு பேர் வகுப்பை நடத்திய குரலில் அவர் வாசிக்கத் தொடங்கினார். தேதி, கிழமை, மண்டபம். அப்புறம் நின்றார். அவர் கண் கார்டின் ஒரே இடத்தில் நிற்பதை அவள் பார்த்தாள்.

"என்னங்க, எழுத்து தெரியலியா?" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"தெரியுது." கார்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்தையும் விழுங்காமல், முன்னைவிடச் சத்தமாக வாசித்தார். "புரொபசர் எமெரிட்டஸ் சௌகத் அலி."

கணவர் பெயரோடு சேர்த்து அந்த வார்த்தையை ஒருவர் சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல்முறை. ஒரு கணம் காது குளிர்ந்தது. அடுத்த கணமே, இதையும் இவர் வாயால்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வயிறு எரிந்தது. வைத்திருந்த கேள்வியைக் கேட்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவர் அடுத்த வரிக்குப் போகாமல், தெருவைப் பார்த்துத் திறந்திருந்த ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளும் திரும்பினாள். எதிர் மாடியில் சௌகத் அலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஈர லுங்கி. அதைப் பிழியவும் இல்லை, உதறவும் இல்லை. தண்ணீர் கைப்பிடிச் சுவரில் வழிந்து, தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.