இடது கைப் பிரதி

என் ஒன்பது வருஷத்தின் விலை மூன்று ரூபாய் ஐம்பது காசு. நாவலின் பின்னட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்காரன் மகனாகப் பிறந்தவன் நான். எங்கள் கடையில் ஒரு பித்தளைச் சொம்பைக்கூட அந்த விலைக்கு எடுத்துக் கொடுக்க மாட்டோம். போகட்டும். யாராவது ஒருத்தர் படித்துவிட்டு, நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதலுக்கு மோசமில்லை என்றிருந்துவிடுவேன்.

பதிப்பாளர் காயாரோகணம் விடவில்லை. “படிக்கிறதெல்லாம் அப்புறம் சார். வெளியீட்டு விழாவுல மொதல் பிரதி யார் வாங்குறாங்க, அதைச் சொல்லுங்க.”

வலங்கைமான் பக்கத்து மிராசுதார் சாரங்கபாணியை அவரே பிடித்தார். மேடையில் முதல் பிரதி. பதிலுக்கு ரொக்கத்துக்கு நூறு பிரதி. கதை எதைப் பற்றி என்று மிராசுதார் கேட்கவில்லை. நாற்காலி எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மறுநாளே விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையன் எங்கள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அவருக்கும் மிராசுதாருக்கும் குத்தகை நிலத்தில் வழக்கு.

“குத்தகைக்காரன் கதைன்னு போஸ்டர் ஒட்டிட்டு, மொதல் பிரதி மிராசுக்கா? எங்களுக்குத்தான் தரணும். இல்லேன்னா எங்க ஆளு ஒருத்தன் வரமாட்டான்.”

“நீங்க படிச்சீங்களா?”

“குடுங்க மொதல்ல. அப்புறம் படிக்கிறேன்.”

மிராசுதாரிடம் போய்க் கெஞ்சினேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, காபி மட்டும் கொடுத்தார்.

காயாரோகணம்தான் வழி சொன்னார். “ரெண்டு மொதல் பிரதி சார். விழாத் தலைவர் ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல நீட்டிடுவார்.” தராசு சமமாக நின்ற மாதிரி இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்தது, இவர் ஆட்கள் ஒரு பக்கம், அவர் ஆட்கள் ஒரு பக்கம். தலைமை, ஆளுங்கட்சி வட்டச் செயலாளர். என் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடுக்குமொழியில் முழங்கிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார். வலப்பக்கம் மிராசுதார். இடப்பக்கம் வீரையன்.

“இடது கையாலயா குடுக்குறீங்க?” வீரையன் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. “எங்களுக்குன்னா இடது கைதானா?”

பாதி மண்டபம் எழுந்து போயிற்று. “இவனை மேடையேத்துனதே தப்பு” என்று மிராசுதார் மீதிப் பாதியோடு கிளம்பினார். நூறு பிரதியும் அவர் வண்டியில் ஏறின. என் தோளில் பொன்னாடை மிச்சம். அதற்கும் காசு நான்தான் கொடுத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து வீரையன் வந்து, அன்று கையோடு கொண்டுபோன இடது கைப் பிரதியைக் கல்லாமேல் வைத்தார்.

“படிச்சிட்டீங்களா?” என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

“இடது கையால வந்ததை எப்படிங்க படிக்கிறது? ஒழுங்கா ஒண்ணு குடுங்க.”

கடைத்தெருவே பார்க்க, வலது கையால் வேறொன்று கொடுத்தேன். துண்டில் சுற்றிக்கொண்டார். “அறுப்பு முடியட்டும். படிச்சிட்டுச் சொல்றேன்.”

சாயங்காலமே மிராசுதாரின் வண்டி வந்தது. நூறு பிரதியும் கட்டு அவிழாமல் இறங்கின. “‘அவனுக்கும் வலது கையா?’ன்னு ஐயா கேக்கச் சொன்னாங்க” என்றார் காரியஸ்தர். “பணத்தையும் வாங்கியாரச் சொன்னாங்க.” மேடையில் வாங்கிய முதல் பிரதியை மட்டும் ஐயா திருப்பவில்லை.

கடை மூடுமுன் கணக்கு எழுதினேன். அச்சிட்டது ஐந்நூறு. விற்றது நூறு, திரும்பியது நூறு. முதல் பிரதி மூன்று, அதில் இடது கைப் பிரதி வாபஸ். கையிருப்பு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. வர வேண்டிய பாக்கி: வீரையன், ஒரு வார்த்தை, அறுப்புக்குப் பிறகு.