சனிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து

"மார்லா பதினோரு மணிக்கு வர்றா. காபி போட்டு வெக்கிறியா?" என்று கேட்டான் லோர்ன்.

"எதுக்கு வர்றா?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

ரேஜானுக்குத் தெரியும். கேம்ரோஸ் ஊருக்கே தெரியும். ஆல்பர்ட்டா மாகாணம் கனடாவை விட்டுப் பிரியலாமா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லும் மனு அது. மார்லா அதை அட்டையில் செருகிக்கொண்டு வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரேதான் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி. சனிக்கிழமை கடைசி நாள். அன்றைக்குத் திங்கள்.

"காபி போடறேன். நாட்டை உடைக்கிறதுக்குத் தொட்டுக்க என்ன வேணும்? பட்டர் டார்ட் இருக்கு."

"கிண்டல் பண்ணு, பிரெஞ்சுக்காரி. கிழக்குல ஓட்ட எண்ணி முடிச்சு, நம்ம ஓட்டுப் பெட்டியத் தொறக்கறதுக்குள்ள யார் பிரதமர்னு டிவில சொல்லிடறான். நம்ம எண்ணெய் வேணும், நம்ம வரி வேணும், எண்ணெய்க் குழாய் போடணும்னா மட்டும் அவங்க ஆத்து மீனுக்கு மூச்சு முட்டுதாம்."

"தெற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் இரும்புக்கு வரி, மரத்துக்கு வரின்னு போட்டு நம்ம கழுத்தப் பிடிக்கறான். இந்த நேரத்துலதான் வீட்டுக்குள்ள சுவர் எழுப்பணுமா? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில வாரக்கடைசியானா டாக்டர் இல்ல. தனி நாடானா டாக்டர் முளைச்சிடுவாரா?"

"அதுக்கும் ஒட்டாவா சர்க்கார்தான் காரணம்."

"உன் முட்டி வலிக்கு?"

"அதுக்கும்தான்."

நாற்பத்தெட்டு வருஷமாக இப்படித்தான். அவன் ஒன்று சொல்வான், அவள் இரண்டு சொல்வாள், கடைசியில் யாராவது ஒருவர் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அன்று ரேஜானுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலி ஓரத்தில் பனி இன்னும் முழுசாகக் கரையவில்லை.

"ஒண்ணு செய். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கயேத்தானுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு."

லோர்ன் கோப்பையைக் கீழே வைத்தான். அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் ஒலித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கயேத்தான் அவளுடைய அண்ணன். மான்ட்ரியாலுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் வீடு. முப்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு பேசும் அந்தக் கியூபெக் மாகாணம் பிரிந்துபோவதற்கு ஓட்டெடுப்பு வந்தபோது கயேத்தான் பிரியத்தான் வேண்டும் என்று தெருத்தெருவாகக் கத்தினவன். ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால், போகாதீர்கள், உங்களை நேசிக்கிறோம் என்று சொல்வதற்காக நாடெங்கிலுமிருந்து சனங்கள் மான்ட்ரியாலுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் போனார்கள். விமானக் கம்பெனிகள் டிக்கெட் விலையை அடியோடு குறைத்தன. லோர்ன் குழாய் வெல்டிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு பிளேன் ஏறினான். இருவரும் கூட்டத்தில் நின்றார்கள், கொடியை ஆட்டினார்கள். ரேஜான் அழுதாள், அதை டிவியில் காட்டினார்கள். அன்று மாலையே திரும்பிவிட்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் அண்ணன் வீடு. போகவில்லை.

அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான்; ஓட்டிலும் பிரிவினை மயிரிழையில் தோற்றிருந்தது. அவள் போன் செய்தால் அண்ணி ஒதெத் எடுப்பாள். "கராஜ்ல இருக்காரு, கூப்பிட்டா வரமாட்டாரு" என்பாள். ஒவ்வொரு வசந்தத்திலும் மேப்பிள் பாகு ஒரு டின் அனுப்புவாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒதெத் இறந்துவிட்டாள். கடைசி டின் அலமாரியில் திறக்காமலே இருந்தது. அதற்குப் பிறகு ரேஜான் போன் செய்யவில்லை. இனி எடுத்தால் அவன்தான் எடுப்பான். எடுத்து, குரலைக் கேட்டு, வைத்துவிட்டால்? போன் செய்யாத வரைக்கும் அவன் பேசுவான் என்று நினைத்துக்கொள்ளவாவது இடமிருந்தது.

"நான் பண்ண மாட்டேன். அவன் பேச மாட்டான்" என்றான் லோர்ன்.

"அப்ப நான் பண்றேன்."

யோசித்தால் கை பின்வாங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். நின்ற நிலையிலேயே எண்ணை அழுத்தினாள்.

"அலோ?"

கரகரத்த குரல். அப்பாவின் குரல் அப்படியே.

"கயேத்தான். நான் ரேஜான்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் போன்?"

"லோர்ன் பிரியப் போறானாம்."

"உன்ன விட்டா? இந்த வயசுலயா?"

"கனடாவ விட்டு. ஆல்பர்ட்டாவுக்கு மனு சுத்துது. கையெழுத்துப் போடப் போறான்."

ஒரு இருமல், இருமலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை ரேஜான் முப்பது வருஷமாகக் கேட்கவில்லை.

"யாரு, கொடியத் தூக்கிட்டு வந்தவனா? குடு அவன்கிட்ட!"

அவள் ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தாள். அதே சமயம் மார்லா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். ரேஜான் வாயில் விரலை வைத்துக் காட்ட, அவள் அட்டையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கயேத்தானின் ஆங்கிலம் நொண்டி நொண்டி வந்தது. லோர்னுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'வணக்கம்', 'இன்னொரு பீர்' என்ற இரண்டோடு முடிந்துவிடும்.

"சொல்லு லோர்ன். ஒட்டாவா உன்ன என்ன பண்ணிச்சு?"

லோர்ன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு குழாயைச் சொன்னான், வரியைச் சொன்னான், ஓட்டுப் பெட்டியைச் சொன்னான்.

"ம். நம்ம பேச்ச யாரும் கேக்கல, நம்ம காச மட்டும் எடுத்துக்கறான். அதானே?"

"அதேதான்."

"இதையேதான் நான் சொன்னேன். நீ பிளேன் ஏறி வந்து வேணாம்னு சொன்ன."

"அது வேற."

"எப்படி வேற?"

"நீங்க பிரெஞ்சு பேசறவங்க."

"நீங்க எண்ணெய் பேசறவங்க."

மார்லா தொடையில் தட்டினாள். "சரியாச் சொன்னாரு! யாரு இவரு?"

"என் மச்சான்" என்றான் லோர்ன். முப்பது வருஷமாக அவன் வாயில் வராத சொல். பிறகு போனைப் பார்த்துக் குனிந்துகொண்டு, மார்லா இருப்பதையே மறந்தவனாகப் பேசினான்.

"கயேத்தான், நான் அன்னைக்கு நாட்டுக்காக வரல. இவ பதினஞ்சு நாளாத் தூங்கல. அம்மா கல்லறைக்குப் போக பாஸ்போர்ட் கேப்பாங்களான்னு அழுதா. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. கூட்டிட்டு வந்தேன்."

கயேத்தான் பிரெஞ்சுக்கு மாறினான். இது தங்கைக்கு மட்டும்.

"டிவில உன்னப் பாத்ததும் ஒதெத் பட்டாணி சூப்ப அடுப்புல ஏத்தினா. உனக்கும் அவனுக்கும் சேத்துத் தட்டு வெச்சா. ஆறு மணி வரைக்கும் நான் ஜன்னல்லயே நின்னேன்."

"ஏழு மணிக்குப் பிளேன்..." என்று ஆரம்பித்தாள் ரேஜான். முப்பது வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில் அது. பாதியில் விட்டுவிட்டாள். "பயமா இருந்துச்சு. கையில கொடி இருந்துச்சு."

"கொடிய வாசல்ல சாத்தி வெச்சிட்டு வந்திருக்கலாமே."

மார்லா ஒன்றும் புரியாமலே தன் கைக்குட்டையை ரேஜான் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கயேத்தான் மறுபடி ஆங்கிலத்துக்கு வந்தான், சத்தமாக. "லோர்ன்! அப்ப இந்தத் தடவை என் முறை. நான்தான் பிளேன் ஏறி வந்து, உன் வீட்டு வாசல்ல கொடியோட நின்னு, போகாதடா, உன்மேல உசிரையே வெச்சிருக்கோம்னு கத்தணும்."

"வருவியா?" என்றாள் ரேஜான்.

"இவன் போறதா இருந்தா வர்றேன். போகலேன்னா அங்க எனக்கு என்ன வேலை?"

"கயேத்தான், நிஜமாவா? நீ இப்பவும் பிரியணும்னு..."

"என்ன கேக்கற? எனக்கு இப்போ குடும்ப டாக்டர் ஒருத்தர் கிடைச்சாப் போதும், நாடெல்லாம் அப்புறம். வெக்கிறேன்."

வைத்துவிட்டான்.

ரேஜான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மார்லாவின் அட்டையிலிருந்த பேனாவை உருவி லோர்னிடம் நீட்டினாள்.

"போடு."

"என்னது?"

"கையெழுத்தப் போடு."

"காலையிலேருந்து நாட்டை உடைக்காத, நாட்டை உடைக்காதன்னு என் உயிர வாங்கின!"

"நாடு என்னமோ ஆகட்டும். போடு. நீ போறதா இருந்தா வர்றேன்னு சொன்னான். உன் காதுலயும் விழுந்துச்சுல்ல?"

"அது விளையாட்டுக்குச் சொன்னது, ரேஜான்."

"விளையாட்டா இருந்தா இருக்கட்டும்."

லோர்ன் அவள் முகத்தைப் பார்த்தான். தாளைப் பார்த்தான், மார்லாவைப் பார்த்தான். பேனாவை வாங்கி மூடி மேஜை மேல் வைத்தான்.

"மார்லா, சனிக்கிழமை வா."

"அன்னைக்குத்தான் கடைசி நாள், லோர்ன். எனக்கு இன்னும் அறுபது வீடு பாக்கி இருக்கு."

"சாயங்காலமா வா. இன்னைக்கே போட்டுட்டேன்னா அவன் வந்து எதைத் தடுப்பான்? தடுக்கறதுக்கு ஏதாவது மிச்சம் இருந்தாத்தானே வருவான்."

மார்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் மரை கழண்டு போச்சு" என்றாள். பட்டர் டார்ட் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ரேஜான் போன் செய்தாள். எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. பதிவுக் குரல்தான் வந்தது. "நாங்க வீட்டுல இல்ல. பேரச் சொல்லுங்க, கூப்பிடறோம்." ஒதெத்தின் குரல். அவன் அதை அழிக்கவே இல்லை. ரேஜான் முழுவதையும் கேட்டாள். பேரைச் சொல்லாமல் வைத்தாள். பிறகு மறுபடி எண்ணை அழுத்தி, மறுபடி கேட்டாள்.

"விடு. எழுபத்தேழு வயசு. தனியாப் பிளேன் ஏறி வர்றதுன்னா லேசா?" என்றான் லோர்ன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

ஒன்றும் சொல்லாமல்தான் கீழ்த்தளத்து அறையில் விரிப்பை மாற்றினாள், ஹீட்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தாள், நனைத்து வைத்த பட்டாணியை அடுப்பில் ஏற்றினாள். யாருக்கு என்று லோர்ன் கேட்கவில்லை. அவனும் சொல்லாமல் கொள்ளாமல் காரைக் கழுவினான்.

வியாழக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அங்கே எட்டு. ரேஜான் மாவுக் கையோடு எடுத்தாள்.

கயேத்தான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பின்னால் அலமாரி திறக்கும் சத்தம், ஹேங்கர்கள் உரசும் சத்தம். சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பெயரைச் சொல்லித்தான் கேட்டான்.

"தெள்ளுப்பூச்சி, அங்க இப்போ குளிரா? எந்தக் கோட்டு எடுத்துட்டு வரட்டும்?"