என் தங்கை பந்தை எறியமாட்டாள்

1

மார்ச் பதினொன்று. என் குறை இதுதான்: இக்கதையின் முடிவில் பந்து கூடைக்குள் விழவேண்டும் என்கிறார் பத்திரிகையாசிரியர். "விழுந்தாத்தான் சார் வாசகருக்கு ஒரு திருப்தி." (இலக்கணம் கற்பித்தவன் சொல்கிறேன்: 'விழுந்தால்' என்பது நிபந்தனை. உரிமைக்கு நிபந்தனை எதற்கு?)

கதை என் தங்கையுடையது. கூடைப்பந்து அணித்தலைவியாக இருந்தாள். முழங்கால் கெட்டதும் ஆட்டத்தை விட்டாள். இன்று ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர்.

2

முதல் தொடக்கம்: 'நெடிய அப்பெண் உள்ளரங்கினுள் நுழைந்தபோது...'

அடித்துவிட்டேன். அவளால் நுழையவே முடியவில்லை. சாவி ஆண்கள் அணியின் பயிற்சியாளரிடம் இருந்தது. பெண்கள் அணியோ வெளியே தார்த்தளத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாலையில் பாதி நேரம் அரங்கத்தைப் பெண்களுக்குத் தரவேண்டும் என்று கல்லூரி நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கேட்டாள். குழு அரங்கத்தைப் பார்வையிட வந்தது.

3

குழுத் தலைவர் ஒரு பந்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"விளக்கமெல்லாம் எதுக்கு மேடம்? இங்கிருந்தே ஒண்ணு போடுங்க. உள்ளே போச்சுன்னா அரங்கம் உங்க பிள்ளைங்களுக்கு. போகலேன்னா பழையபடி."

"தலைவரே, கேப்டனா இருந்தவங்க. கொஞ்சம் தள்ளி நிக்க வைங்க," என்றார் பொருளாளர். அனைவரும் சிரித்தனர்.

"பசங்களுக்கு அரங்கம் குடுத்தப்போ அவங்க கோச் எத்தனை பந்து போட்டாரு சார்?" என்றாள் தங்கை.

"அட, தமாஷுக்குச் சொன்னா கோவிச்சுக்கிறீங்களே!"

"தமாஷ்தானே? கையெழுத்தைப் போட்டுட்டுச் சிரிங்க. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

4

முடிவுகள்.

(அ) எறிகிறாள், விழுகிறது. கைதட்டல். நாளை நீச்சல்குளம் கேட்டால் குதித்துக் காட்டச் சொல்வார்கள்.

(ஆ) எறிகிறாள்; விழவில்லை. ஆகவே அப்பெண்கள் தார்த்தளத்துக்கே... இவ்வாக்கியத்தை முடிக்க என் பேனா மறுக்கிறது.

(இ) நடந்தது. தொலைபேசியில் கேட்டேன்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"எறியலண்ணா. அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்னுட்டுப் போயிட்டாங்க."

"எறிஞ்சிருந்தா விழுந்திருக்குமா?"



"அண்ணா, போனை வைக்கட்டுமா?"

5

வாசகரே, நீங்களும் இவ்வளவு நேரம் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மறுக்காதீர்கள். உங்களுக்கு முடிவு கிடையாது. அடுத்த கூட்டம் இன்னும் கூடவில்லை. அப்பெண்கள் இன்னும் வெளியேதான் ஆடுகிறார்கள். கூடையிலிருந்து கண்ணை எடுங்கள். தலைவரின் முகத்தைப் பாருங்கள். கையெழுத்திடும்படி அவரிடம் சொல்லுங்கள்.