ஏழு மில்லி இடைவெளி

மேலாளரைப் பட்டறையே 'மைக்ரான்' என்றுதான் சொல்லும், அவர் காதில் விழாத தூரத்தில். முதலாளியின் மருமகன். ஒரு மில்லியை ஆயிரமாகப் பிரித்துப் பேசுவார். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம்.

அன்று பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்கள் வருகிறார்கள். பத்தரைக்குத்தான் புதுச் சாணைக்கல் வந்து இறங்கியது. ஃபிட்டர் அதை மரக் கைப்பிடியால் தட்டினார். கணீரென்றது, விரிசல் இல்லை. நடு ஓட்டையை அளந்தார். முப்பத்திரண்டு மில்லி. மிஷின் தண்டோ இருபத்தைந்து.

"சார், ஏழு மில்லி லூசு. நடுவுல புஷ் போடணும், இடைவெளியை அடைக்கிற இரும்பு வளையம். லேத்துல அரை மணி வேலை."

"புது லேத்தைத் தொடாதீங்க. அதை இன்னைக்கு முதலாளி ரிப்பன் வெட்டித் திறக்கிறார். அட்டையைச் சுத்தி இறுக்குங்க."

"கல்லு நடுவுல உக்காராது சார். ஆடும். வெடிச்சா முன்னாடி நிக்கிறவன் கதி?"

"ஆடினா நாலஞ்சு மைக்ரான் ஆடும்."

முன்னால் நிற்கப்போகிறவன் ஃபிட்டரின் மச்சினன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

"விடுங்க மாமா," என்றான் அவன். "நீங்க மாட்டலைன்னா அவரே மாட்டிருவாரு. அதுக்கு நீங்க மாட்டுறது தேவலை."

ஃபிட்டருக்கு அது நியாயமாகவே பட்டது. அட்டையைப் பிசிறில்லாமல் வெட்டி, தண்டில் சுற்றி, கல்லை ஏற்றி நட்டை இறுக்கினார். தப்பான வேலையை அவ்வளவு நேர்த்தியாக அங்கே யாரும் செய்ததில்லை.

பார்வையாளர்களுக்கு நன்றாகத் தெரியட்டுமென்று கல்லின் பாதுகாப்பு மூடியையும் கழற்றச் சொன்னார் மைக்ரான். மிஷின் ஓடியது. மேஜையில் தேநீர்க் கோப்பைகள் நடுங்க, "இங்க ஒரு மைக்ரான் பிசகுக்கும் இடமில்லை," என்று அவர் பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள் கல் வெடித்தது.

மச்சினனுக்கு வலது கண் போய்விட்டது என்றார் டாக்டர். ஆபரேட்டர் நின்ற இடம் சரியில்லை என்று மைக்ரானின் அறிக்கை அதற்குள் தயார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிட்டரின் மனைவி கேட்டாள்: "அட்டை வைக்கச் சொன்னது அந்த ஆளுதானே?"

"ஆமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆடும்னு சொன்னேன்."

"சொல்லிட்டு?"

"மாட்டினேன்."

அவள் எழுந்து, எதிர்ப்பக்கம் போய்த் தம்பியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.