போயிட்டதா எழுதின ஆளு

மெல்வினோட காலு நாறுச்சு. மறைச்சுச் சொல்ல ஒண்ணுமில்ல, செத்த எலி மாதிரி நாறுச்சு. பாலத்துக்கடியில பதினோரு நாளா ஈரப் பூட்ஸைக் கழட்டாம கெடந்த காலு. வெளிய மைனஸ் முப்பது. தெருத்தெருவா வர்ற நர்ஸ் பாத்துட்டு, "இன்னிக்கே டாக்டர் பாக்கலைன்னா பாதம் போயிடும்"னு டார்லாகிட்ட சொல்லிட்டுப் போயிருந்தா.

டார்லாவும் ஆறு வருஷம் கனடாவோட வின்னிபெக் தெருவுல கெடந்தவதான். இப்ப அவளுக்கு அதுவே வேலை. தெருவுல இருக்கிறவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, அவங்க பாதியில எந்திரிச்சு ஓடிடாம பக்கத்துலயே உக்காந்திருக்கணும். பையில புது சாக்ஸ், ரெண்டு சாண்ட்விச். சாப்பிடப் போன நேரத்துல பேரைக் கூப்பிட்டா முறை போயிடும்னு அவளுக்குப் பட்டுத் தெரியும்.

காலையில ஏழு மணிக்கு எமர்ஜென்சியில பேர் குடுத்தாங்க. மெல்வின் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா கோட்டைச் சுருட்டிக்கிட்டு வேற சீட்டுக்குப் போச்சு. அப்புறம் இன்னொரு ஆளு. மத்தியானத்துக்குள்ள சுத்தி ஒம்போது நாற்காலி காலி.

"ராஜா மாதிரி உக்கார வச்சிருக்காங்க மகளே," ன்னாரு மெல்வின். உதடு நடுங்குச்சு, காய்ச்சல். "நான் கெளம்புறேன். இவங்க பாக்க மாட்டாங்க."

"சித்தப்பா, எந்திரிச்சீங்கன்னா உங்க மடியில ஏறி உக்காந்துக்குவேன். நான் எத்தனை கிலோ தெரியுமா?"

அவரு சிரிச்சிட்டு உக்காந்தாரு.

ரெண்டு மணிக்கு டார்லா கவுன்ட்டருக்குப் போனா. அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துச்சு. "மெல்வினா? அவரு போயிட்டாரே. பதினொண்ணு இருபதுக்குக் கூப்பிட்டோம், பதில் இல்ல."

"அவருக்கு ஒரு காது கேக்காது. காலையிலயே சொன்னேன். அந்தா உக்காந்திருக்காரு பாருங்க."

பொண்ணு பாக்கல. "சிஸ்டத்துல போயிட்டாருன்னு இருக்கு. திரும்பப் பதிஞ்சு வரிசையில வாங்க."

டார்லா திரும்பிப் பாத்தா. பதினஞ்சு அடி தூரத்துல ஒரு மனுஷன், தலையைத் திருப்பினாலே தெரிவாரு.

திரும்பி வந்து அவரு முன்னாடி மண்டி போட்டா. "சித்தப்பா, உங்களைப் போயிட்டதா எழுதிட்டாங்க. சாக்ஸைக் கழட்டட்டுமா? இங்கயே? வேணாம்னா விட்டுடுறேன்."

அவரு காலை முன்னால நீட்டினாரு. "கழட்டு. அவங்களுக்கும் மூக்கு இருக்குல்ல."

பூட்ஸை உருவினா. சாக்ஸு தோலோட ஒட்டியிருந்துச்சு. தண்ணி ஊத்தி ஊத்தி உரிச்சா. ரெண்டு விரல் கரியாட்டம் கறுப்பு. நாத்தம் ஹால் முழுக்க அடிச்சுச்சு. குழந்தை ஒண்ணு வாந்தி எடுத்துச்சு.

செக்யூரிட்டி ஓடி வந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி டார்லாவைக் கழுத்தைப் புடிச்சு இதே கதவு வழியா வெளிய தள்ளுனவன். அவனுக்கு அடையாளம் தெரியல. அவ கழுத்துல தொங்குற வேலை அட்டையைப் பாத்து, "மேடம், என்ன பண்றீங்க?" ன்னான்.

"போயிட்ட ஆளோட காலு தம்பி. வெளிய போயிடுச்சான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான். ஏழு மணி நேரம் அசையாத கதவு திறந்துச்சு. ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்தா, பின்னாலயே இன்னொருத்தி எலுமிச்சை வாசனை ஸ்ப்ரேயை அடிச்சுக்கிட்டு வந்தா.

உள்ள டாக்டர் காலைப் பாத்துட்டு டார்லாகிட்ட கேட்டாரு, "இவருக்கு வலி இருக்கா?"

"வாய் அவருகிட்ட இருக்கு டாக்டர். கேக்குற காதுப் பக்கம் வந்து கேளுங்க."

ரெண்டு விரலை எடுக்கணும், பாதம் பொழைச்சுக்கும்னாரு.

டார்லா மறுபடி கவுன்ட்டருக்கு வந்தா. போயிட்டாருன்னு எழுதினதை அழிக்கச் சொன்னா.

"அழிக்க முடியாதுங்க. பதினொண்ணு இருபதுக்குப் போனாரு, ரெண்டு பத்துக்குத் திரும்ப வந்தாருன்னு வேணா போடுறேன்."

அந்தப் பொண்ணு அப்படியே போட்டுச்சு.

வார்டுல அதைச் சொன்னதும் மெல்வின் நல்ல காதைத் திருப்பிக் கேட்டாரு. "அப்படியா? மூணு மணி நேரம் எங்க மகளே போயிருந்தேன்? சூடான எடமாத்தான் இருந்திருக்கும், இல்ல?"

அவ சிரிக்கல. கையை மோந்து பாத்தா. காலு நாத்தம் இல்ல, அந்த ஸ்ப்ரே எலுமிச்சைதான் அடிச்சுச்சு. அது போகட்டும்னு மறுபடி கழுவப் போனா.