வந்தவர்கள் உட்கார ஒரு சோபா

என் மனைவி வரலட்சுமிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, என்னைய உள் ரூமுல போட்டுறாதீங்க. நாலு பேரு வந்து போற எடத்துல இருக்கோணும்."

கோவை உக்கடத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் கட்டிலும் நாற்காலிகளும் சேர்ந்து போட இடமில்லை. நான் பவுண்டரியில் பம்புசெட் வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவன். பகலில் சோபா, இரவில் கட்டில் என்று நானே ஒன்றைச் செய்தேன். தொண்ணூற்றாறாம் வருஷம் அது. கட்டில் அகலத்துக்கு இருக்கை, சுவரோரம் சாய்மானம், மேலே இலவம்பஞ்சு மெத்தை. ஒரு மூலையில் அவள் சம்மணம் போட்டுச் சாய்ந்திருப்பாள், வருகிறவர்கள் மறுமூலையில்.

மில்லில் அவளோடு வேலை பார்த்தவர்கள் ஷிப்டு முடிந்து வந்தார்கள். "ஊட்டுக்காரரே செஞ்சதுங்களா? நல்லாருக்குதுங்க" என்றார்கள். காப்பி குடித்ததும் "வாரேனுங்க" என்று எழுந்துவிட்டார்கள். எல்லோரும் அப்படியே.

"சீக்காளிகூட எத்தனை நேரம்தான் உக்காருவாங்க, விடுங்க" என்றாள் வரலட்சுமி. பிறகு வாசல் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பின்வீட்டு சபுரா மட்டும் வந்தால் தரையில் சுவரோரமாக உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பாள். மேலே உட்காரம்மா என்று ஒருநாள் சொன்னேன்.

"வேண்டாங்ணா. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. சாஞ்சா காலு தொங்குது. காலை ஊனுனா முதுகுக்கு ஒண்ணுமில்லை. டவுன் பஸ்ஸுல பாதி சீட்டு கெடச்ச மாதிரி."

"காலைத் தூக்கி மேல வெச்சுக்க வேண்டியதுதான, என்னையாட்ட" என்றாள் வரலட்சுமி.

"நல்லாருக்குதே. நீங்க படுக்கிற எடத்துல நான் காலைத் தூக்கி வெக்கறதாக்கா?"

"அப்பறம் ஏன் ஒருத்தரும் வாயத் திறக்குல?"

"அண்ணன் கையால செஞ்சது. ஊட்டுக்கு வந்துபோட்டு அதைக் கொறை சொல்லுவாங்களா?"

வரலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப என்னையப் பாத்து எந்திரிச்சுப் போகுலயா?"

"உங்களுக்காவத்தான் அத்தனை நேரமாச்சும் உக்காந்திருந்தாங்க."

வரலட்சுமி மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபுராவை மறுமூலையில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் முன்னால வாங்ணா. ம்... போதும், கொஞ்சம் சாச்சுப் புடிங்க" என்று அவள் சொல்லச் சொல்ல நகர்த்தி, பாதம் தரையில் பதிந்தபோது பலகை நின்ற இடத்தில் கோடு போட்டேன். அந்தப் பக்கத்துச் சாய்மானத்தை அறுத்துத் தனியாக்கி, பகலில் கோட்டின்மேல் நிற்கவும் இரவில் கழற்றிவிடவும் மர முளைகள் வைத்தேன். உட்காருகிறவர்கள் முன்னால் வழுக்காதபடி, முன்பக்கம் சற்று உயர்ந்த மெத்தை ஒன்றும் தைத்தோம். வரலட்சுமி சம்மணம் போடும் பக்கம் பழையபடியே அகலமாக இருந்தது.

மார்கழி பிறக்குமுன் அவள் போய்விட்டாள். அதற்குள் எத்தனையோ சாயங்காலங்கள் அந்த அறை நிறைந்திருந்தது. ஒருநாள் பாப்பாயி வந்தாள். மில்லில் இவளுக்கு அடுத்த மிஷின். காப்பி குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், சாய்ந்துகொண்டு சூப்பர்வைசர் கதையை ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே வரலட்சுமி தூங்கிப்போனாள். பாப்பாயி எழுந்திருக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, மீதிக் கதையை என்னிடம் சொன்னாள்.